இரவை விட்டுக்கொடுங்கள்: மசினகுடியில் தங்க வருவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு,

சனி, ஞாயிறோடு ஒரு நாள் விடுப்பையும் சேர்த்துக்கொண்டு மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் அறை பதிவு செய்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். சென்னை, கோவை, பெங்களூரு, கோழிக்கோடு என்று எங்கிருந்து வந்தாலும் சரி, குடும்பத்தோடு வந்தாலும் அலுவலக நண்பர்களோடு வந்தாலும் சரி. நான் கூடலூரில் வசிப்பவன். உங்களை வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாருங்கள். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான்: இரவு ஒன்பது மணிக்கு மேல் காட்டைக் காட்டு விலங்குகளுக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்பது மணி என்பது நானாக வைத்த கெடு இல்லை. முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் தெப்பக்காடு வழியே போகும் சாலை இரவு 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், பந்திப்பூரில் 2009இல் வந்த தடை அது. இரவில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டே இருந்ததால் கொண்டுவந்தார்கள். வியாபாரிகளும் லாரிக்காரர்களும் அரசியல் கட்சிகளும் எவ்வளவோ எதிர்த்துப் பார்த்தார்கள்; தடை இன்னும் நிற்கிறது. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. மூன்று மாநிலத்து மக்கள் காய்கறி ஏற்றுவதிலிருந்து கல்யாணத்துக்குப் புறப்படுவது வரை இந்தக் கடிகாரத்துக்கு ஏற்பத் தங்கள் வாழ்க்கையை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஆனால் சாலை மூடியபின் விடுதிகளின் முற்றங்களில் என்ன நடக்கிறது? பல இடங்களில் ஆட்டம் பாட்டம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

நீங்கள் தங்கப்போகும் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வருவது சீகூர் பீடபூமி. தெற்கே நீலகிரி மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. வடக்கே மாயாறு அறுத்துக்கொண்டு போன ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் குறுகிய நிலத்துண்டில்தான் மசினகுடியும் அதைச் சுற்றிய ஊர்களும் இருக்கின்றன. மேற்கே முதுமலை, அதைத் தொட்டுக்கொண்டு வயநாடு, பந்திப்பூர், நாகரகொளே. கிழக்கே சத்தியமங்கலம்; அங்கிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகள். ஆசிய யானைகள் உலகிலேயே மிக அதிகமாகச் சேர்ந்து வாழும் நிலப்பரப்பு இது. மேற்கிலிருந்து கிழக்கே போக வேண்டிய யானைக்கு அந்த மலைச்சரிவில் ஏறிப் போக வழியில்லை. மாயாற்றுப் பள்ளத்தை நினைத்த இடத்தில் தாண்டவும் முடியாது. இந்த நிலத்துண்டின் வழியாகத்தான் அது நடந்தாக வேண்டும். அதே துண்டில்தான் ஊர், வயல், மேய்ச்சல், சிங்காரா மின்நிலையத்தைச் சேர்ந்த குடியிருப்புகள், பிறகு விடுதிகள் எல்லாம்.

மழையின் கணக்கும் இங்கே வேறு. தென்மேற்குப் பருவமழை முதுமலையின் மேற்குப் பகுதியில் நின்று பெய்யும். சீகூருக்கு வருவதற்குள் அதன் வேகம் அடங்கிவிடும். மழை மறைவுப் பகுதி என்பதால் முட்புதர்க் காடுதான் அதிகம். தை, மாசியில் ஓடைகள் வறண்டுவிட்டால் விலங்குகளுக்கு மாயாறும் சீகூராறும் சில அணைக்கட்டுகளும்தான் கதி. ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பகலெல்லாம் சாலையில் வண்டி, புதரில் மாடு, ஓடையோரம் ஆட்கள். மனித நடமாட்டம் மிகுந்த இடங்களைப் பகலில் தவிர்த்து இரவில் கடக்க யானைகள் பழகிக்கொள்வதை இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். சீகூரில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல ஆய்வு தேவைப்படவில்லை. பொழுது சாய்ந்ததும் புதருக்குள்ளிருந்து கூட்டம் வெளியே வருவதையும், குட்டிகளை நடுவில் விட்டுத் தண்ணீரை நோக்கிப் போவதையும் தினமும் பார்க்கிறார்கள்.

பகலை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். அவற்றுக்கு மிச்சம் இருப்பது இரவு ஒன்றுதான். அதையும் ஒரு பொழுதுபோக்காக விலைக்கு வாங்க முடியும் என்ற நிலை வந்துவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

எப்படி விற்கிறார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். வந்து இறங்கியதும் விடுதி ஊழியர் ஒருவர் தாழ்ந்த குரலில் ‘நைட் சஃபாரி’ வேண்டுமா என்று கேட்பார். பத்து மணிக்கு மேல் ஒரு ஜீப் வரும். ஊர்ச்சாலையிலும் காட்டோர மண்பாதையிலும் மேலும் கீழும் ஓட்டி, பெரிய டார்ச் விளக்கைப் புதருக்குள் அடிப்பார்கள். கண் கூசி நிற்கும் கடமானையோ, குட்டியை மறைத்துக்கொண்டு திரும்பும் தாய் யானையையோ கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். இப்படி இரவில் விலங்கைத் தேடி வண்டி ஓட்ட எவருக்கும் அனுமதி கிடையாது. வனத்துறையின் சஃபாரி வண்டிகள் தெப்பக்காட்டிலிருந்து பகலில் மட்டுமே போகின்றன. விலங்கைத் துரத்துவதும் சீண்டுவதும் உணவு கொடுப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம் கட்டி, வழக்கையும் சுமப்பவர் பெரும்பாலும் அந்த ஜீப்பை ஓட்டிய உள்ளூர்ப் பையன்தான். கேட்டவர் மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஜீப் வேண்டாம் என்பவர்களுக்கு முற்றத்திலேயே கேம்ப் ஃபயர். அதைச் சுற்றி ஸ்பீக்கர். மரத்துக்கு மரம் வண்ண விளக்கு. சில இடங்களில் விலங்கு வந்து நிற்கட்டும் என்று உப்பையும் சமையல்கட்டு மிச்சத்தையும் வேலியோரம் போடுகிறார்கள். சோறும் பழத்தோலும் கிடைக்கும் இடத்தைக் காட்டுப்பன்றியும் கரடியும் ஒருமுறை கண்டுகொண்டால் மறக்காது.

இந்த விளையாட்டு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாடே பார்த்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஆண் யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். அது காதில் சிக்கிக்கொண்டது. நெருப்போடு அந்த யானை இருட்டுக்குள் ஓடுவதை யாரோ எடுத்த காணொளி பின்னால் வெளியே வந்தது. முதுகில் ஏற்கெனவே புண்ணோடு மாதக்கணக்காக அலைந்துகொண்டிருந்த யானை அது. காது கிழிந்து, ரத்தம் போய், சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது செத்துப்போனது. அதன் துதிக்கையைத் தடவிக்கொண்டு ஒரு வனப் பணியாளர் தேம்பி அழுததையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைது நடந்தது, விடுதிக்கு முத்திரை வைத்தார்கள். யானை ஏன் அந்த விடுதிப் பக்கம் வந்தது, வழக்கமாக எங்கே போய்க்கொண்டிருந்தது, அந்த வழியில் எப்போது விடுதி முளைத்தது என்ற கேள்விகளெல்லாம் அந்தக் காணொளியோடு அடங்கிப்போயின.

அதே ஆண்டில் இன்னொரு யானையின் கதையும் நடந்தது. வாழைத்தோட்டம் பக்கம் திரிந்த கொம்பன் அது, ரிவால்டோ என்று பெயர். துதிக்கையின் நுனி போய்விட்டிருந்தது. பரிதாபப்பட்டும் வேடிக்கைக்காகவும் ஆட்கள் பழம் கொடுத்துக் கொடுத்து, அதற்கு மனிதர் மேல் இருந்த அச்சம் விலகிப்போனது. வீடுகளையும் விடுதிகளையும் தேடி வர ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் பயந்தார்கள், புகார் கொடுத்தார்கள். கடைசியில் 2021 மே மாதம் வனத்துறை பழத்தைக் காட்டியே அதைக் கூண்டுக்குள் கொண்டுவந்து மூன்று மாதம்போல அடைத்து வைத்தது. ஆகஸ்டில் ரேடியோ காலர் கட்டி உள்காட்டில் விட்டார்கள். கொஞ்ச நாளிலேயே தன் பழைய இடத்துக்குத் திரும்பி நடந்தே வந்துவிட்டது. ஒரு யானையிடம் பிரியத்தோடு நீட்டிய பப்பாளிக்கு அதன் காட்டு வாழ்க்கையே விலையாகப் போயிற்று. அந்த ஊரில் விடியற்காலையில் பால் ஊற்றப் போகும் பெண்ணும், பேருந்துக்கு நடந்துபோகும் பள்ளிப் பிள்ளையும் கூட அதற்கு விலை கொடுக்கிறார்கள். மனிதரைக் கண்டு விலகாத யானையை எதிர்கொள்ளப்போவது அவர்கள்தான்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். தமிழ்நாடு அரசு 2010இல் சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. பொதுநல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அதை உறுதிசெய்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, உரிய அனுமதி இல்லாத 27 விடுதிகளை மூட நடவடிக்கை எடுத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று வழித்தடம் செல்லும் என்று இறுதித் தீர்ப்பு வந்தது. தனித்தனி உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கு இது. அதனால் நீங்கள் பணம் கட்டும் விடுதிக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரிப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

மூடப்பட்ட விடுதிகளில் வேலை பார்த்தவர்களை நான் மறக்கவில்லை. அறை துடைப்பவர், சமையல்காரர், காவலாளி, ஜீப் ஓட்டுபவர் என்று பலர் இந்த ஊர்களிலேயே பிறந்தவர்கள். இருளர், குறும்பர் குடும்பங்களும் அதில் உண்டு. காட்டில் தேனும் விறகும் எடுக்கக் கெடுபிடி, வயலில் யானையும் பன்றியும், தோட்ட வேலை குறைந்துபோயிற்று. அவர்களுக்கு விருந்தினர் வரவு பெரிய ஆதாரம். ஆகவேதான் உங்களை வர வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த ஜீப் ஓட்டுநரை இரவில் காட்டுக்குள் அனுப்புவது அவருடைய ஆசை இல்லை, நீங்கள் நீட்டும் ஐந்நூறு ரூபாய். அதே ரூபாயை விடியற்காலையில் ஊரோரம் நடந்து பறவை காட்டச் சொல்லிக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வருவார். எந்த மரத்தில் எது கூடு கட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது.

பகலில் பார்க்க இங்கே அவ்வளவு இருக்கிறது. மாயாற்றோரத்து மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் என்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசியால் நாடெங்கும் பாறுகள் அழிந்து, 2006இல் கால்நடை மருத்துவத்தில் அந்த மருந்தைத் தடைசெய்த பிறகும் மீளாமல் தவித்தபோது, தென்னிந்தியாவில் அவற்றுக்கு எஞ்சிய முக்கியமான புகலிடங்களில் ஒன்று இது. தமிழ்நாட்டில் அருளகம் அமைப்பினர் பல ஆண்டுகளாக இவற்றுக்காகவே ஊர் ஊராகப் போய் உழைக்கிறார்கள். வெளிமானும் கழுதைப்புலியும் இந்த வறண்ட காட்டில் உண்டு. தெப்பக்காட்டு முகாமில் யானைகளுக்குக் கவளம் கொடுக்கும் நேரத்தில் போனால் பாகனும் யானையும் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம். 2023இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தின் பொம்மனும் பெள்ளியும் அந்த முகாமைச் சேர்ந்தவர்கள்தான். காட்டை விழுங்கும் உண்ணிச்செடியை வெட்டி, அதன் குச்சிகளாலேயே ஆளுயரத்துக்கு மேல் யானை உருவங்கள் செய்யும் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். தமிழில் காட்டுயிர் எழுத்துக்கு வழி போட்ட மா. கிருஷ்ணன் தன் கறுப்பு வெள்ளைப் படங்களுக்காகப் பொறுமையோடு காத்திருந்த காடுகளில் முதுமலையும் ஒன்று. அவர் எதையும் துரத்திக்கொண்டு போனவர் இல்லை.

இரவில் என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? இரவை விட்டுக்கொடுக்கச் சொன்னேனே தவிர, தூங்கிவிடச் சொல்லவில்லை. அறையின் விளக்கையும் வாசல் விளக்கையும் அணைத்துவிட்டு வராந்தாவில் உட்காருங்கள். கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒருமுறை திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். பழகியபின் மலையின் விளிம்பு தனியாகத் தெரியும், புதரும் வெட்டவெளியும் பிரியும், வானத்தில் எத்தனை நட்சத்திரம் என்று பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். பிறகு காது திறக்கும். பக்கிக் குருவி ஒரே சுதியில் ‘சக், சக், சக்’ என்று தட்டிக்கொண்டிருக்கும். எங்கோ புள்ளிமான் கூர்மையாகக் கத்தும். அது ஒருமுறை கத்தி நின்றுவிட்டால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விடாமல் கத்தி, அதோடு கடமானும் கனத்த குரலில் ஒரு சத்தம் கொடுத்தால் புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்று உள்ளூர்க்காரர் சொல்லுவார். எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அடுத்தடுத்துக் கத்தும் மான்களை வைத்தே சொல்லிவிடுவார். பார்க்காமலேயே ஒரு புலியின் நடையைப் பின்தொடரலாம். டார்ச் வெளிச்சத்தில் அரை நொடி தெரியும் இரண்டு கண்களைவிட அது எத்தனையோ மடங்கு பெரிய அனுபவம் என்பது என் உறுதியான எண்ணம்.

யானை பக்கத்தில் வந்தால் முதலில் கிளை முறியும் சத்தம் கேட்கும். பிறகு வயிறு உருட்டுவதுபோல ஒரு முனகல். அது வயிற்றுச் சத்தம் இல்லை, பேச்சு. அந்தப் பேச்சின் பெரும்பகுதி நம் காதுக்கே எட்டாத அளவு தாழ்ந்த அதிர்வில் இருக்கிறது என்பதை கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ஒரு விலங்கியல் பூங்காவில் யானைகள் அருகே நின்றபோது காற்றில் ஒரு துடிப்பாக உணர்ந்து, பிறகு ஒலிப்பதிவு செய்து நிறுவினார். தாழ்ந்த அதிர்வு என்பதால் மரங்களைக் கடந்து சில கிலோமீட்டர் தொலைவுக்கு அது போகும். பிரிந்து மேயும் கூட்டத்தினர் ஒருவரையொருவர் கண்டுகொள்வது, குட்டியைக் கூப்பிடுவது, ஆபத்தைச் சொல்வது எல்லாம் அதில்தான். இப்போது உங்கள் விடுதி முற்றத்து ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். நெஞ்சில் வந்து மோதும் அந்த ‘பாஸ்’ அதிர்வு யானைப் பேச்சின் எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாம் பாட்டு போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீருக்குப் போகும் வழியில் நிற்கும் தாய்க்குத் தன் கூட்டத்தின் குரல் சரியாகக் கேட்காமல் போகலாம். இதைப் படித்த பிறகும் யாராவது ஒலியைக் கூட்டுவார்கள் என்று நான் நம்பவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலகிரிக்கு வர 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் மாவட்டத்தில் தடைசெய்யப்பட்டது. தண்ணீரைச் சொந்தக் குடுவையில் கொண்டுவாருங்கள். காப்பகச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள், குரங்குக்கு பிஸ்கெட் நீட்டாதீர்கள். தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் வனத்துறையின் சொந்த விடுதிகளும் இருக்கின்றன. வசதி குறைவு, அமைதி அதிகம்.

விடுதிக்காரர்கள் வேறு எவர் சொல்லையும்விட உங்கள் சொல்லைக் கேட்பார்கள். வனத்துறை அபராதம் போடும், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும். ஆனாலும் ‘கெஸ்ட் கேக்கிறாங்க சார்’ என்ற ஒரே பதிலில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த கெஸ்ட் நீங்கள்தான். நீங்கள் வேறு ஒன்றைக் கேட்டால் அவர்களும் வேறு ஒன்றைத் தருவார்கள். வெளி விளக்கு இல்லாத, ஒலிபெருக்கி இல்லாத, உள்ளூர் ஆட்களை வழிகாட்டிகளாக வைத்திருக்கும் விடுதிகள் இங்கே ஏற்கெனவே சில உண்டு. அவை நிறைந்தால் மற்றவையும் மாறும்.

ஆகவே இன்றே நீங்கள் பதிவு செய்திருக்கும் இடத்துக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். உள்ளாட்சி அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்பது மணிக்கு வெளி விளக்குகளை அணைப்பீர்களா, பாட்டை நிறுத்துவீர்களா, சமையல்கட்டுக் குப்பையை எங்கே போடுகிறீர்கள் என்று கேளுங்கள். நைட் சஃபாரி உண்டு என்று அவர்களாகவே சொன்னால் பதிவை ரத்து செய்துவிட்டு, ஏன் ரத்து செய்தீர்கள் என்பதையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கூடலூரிலிருந்து உங்கள் நண்பன்